விதைக்காதவர்க்கு அறுவடையில் பங்குண்டா?

2012ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள், கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில், தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணப் போட்டியில் சிங்கப்பூர்க் குழு மலேசியக் குழுவை 3-0 என்னும் கோல் கணக்கில் வென்றது. ஷாரில் இஷாக் இரு கோல்களும், 42 வயதான அலெக்ஸாண்டர் டூரிச் ஒரு கோலும் அடித்தனர். மறுநாட் காலை தேக்கா உணவங்காடியில் நம்மவர் கூடியிருந்த மேசைதோறும் அதே பேச்சு. ஷாரிலின் கூர்மையைப் புகழ்ந்தார் ஒருவர். டூரிச்சின் வயதை வியந்தார் மற்றொருவர். தற்காப்பு ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக நிறுத்தி மதிப்பெண் இட்டார் இன்னொருவர். ஈரைந்து நிமிடங்களுக்குள் பேச்சு திசை மாறியது. "எல்லாம் சரி, நம்ம ஆள் ஒருத்தர்கூட கோல் போடலையே! ராஜகோபால், சுந்தரமூர்த்தி மாதிரி இப்ப யார் இருக்கா?" என்று ஒருவர் பெருமூச்செறிந்தார். மேசையே தலையசைத்தது.

அந்தப் பெருமூச்சை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஜொகூர்ப் பாலத்தின் இரு கரையாருக்கும் இடையிலான இப்போட்டி நேற்று முளைத்ததன்று. 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்திலேயே சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. 1980இல் அதே சிலாங்கூரை அதே கணக்கில் வென்றபோது, வெற்றிக் கோலை அடித்தவர் பதின்ம வயதினரான ஃபாண்டி அகமது. 1994இல் ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என வீழ்த்தியபோது, ஆசிரியர் பயிற்சியில் இருந்த இளைஞனாகிய நானும் தொண்டை கட்டும்வரை கூவினேன். ஆகவே, கொண்டாட்டத்தைப் பழிப்பவன் அல்லன் யான். கொண்டாடுவோர் தம் பங்கைச் செலுத்தினரா என்பதே என் வினா.

"நம்ம ஆள்" என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். மூலை உதையிலேயே பந்தை வளைத்து வலைக்குள் செலுத்தும் திறத்தால் 1970களில் புகழ்பெற்ற எஸ். ராஜகோபாலும், பந்தைக் காலோடு ஒட்டவைத்து எதிரிகளைத் திகைக்க வைத்த வி. சுந்தரமூர்த்தியும் நம் இனத்தார் என்பதில் பெருமை கொள்ளலாம். ஆனால் 1977இல் பினாங்கை வென்ற குழுவை எண்ணிப் பாருங்கள். பயிற்றுநர் சூ செங் குவீ. தலைவர் சமது அல்லாபிச்சை. வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். காலாங் அரங்கில் எழுந்த முழக்கம் கோல் அடித்தவனின் குலத்தை விசாரித்துவிட்டா எழுந்தது? டூரிச் பிறந்ததோ பொஸ்னியாவில். 42 வயதிலும் அவரை ஓட வைத்தது குருதியா, நாள் தவறாத பயிற்சியா?

இனி, உண்மையான குற்றத்திற்கு வருவோம். அன்று பெருமூச்செறிந்தவரை நான் அறிவேன். அப்போது நான் பள்ளிக் காற்பந்துக் குழுவின் பொறுப்பாசிரியர். அவர் மகன் எங்கள் கோல்காவலன். பந்து உதைபடுமுன்பே அது வரும் திசையை உணரும் சிறுவன். அவ்வாண்டின் தொடக்கத்தில் தந்தையிடமிருந்து கடிதம் வந்தது: தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு நெருங்குவதால் மகனைக் குழுவினின்று விடுவிக்க வேண்டும், வாரத்தின் நான்கு மாலைகளில் துணைப்பாட வகுப்பு இருக்கிறது. அதை ஏற்றுக் கையொப்பமிட்டவன் நானே. ஒருமுறையேனும் அவரை அழைத்துப் பேசவில்லை. கையுறைகளை என் மேசைமீது வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் சென்ற அச்சிறுவனின் முகம் இன்றும் என்னை விட்டகலவில்லை. ஆகவே, இவ்வழக்கில் நானும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கிறேன்.

"பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலோர்க்குக் கிடைக்காது என்பதை ஒப்புகிறேன். எல்லாப் பிள்ளைகளும் தேசிய வீரராக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வாரத்திற்கு இரண்டு மாலைப்பொழுதுகளைத்தான் கேட்கிறேன். தோல்வியைத் தாங்குதல், தோழனுக்குப் பந்தைக் கொடுத்தல், நடுவரின் தீர்ப்புக்குத் தலைவணங்குதல் ஆகியவற்றை எந்தத் துணைப்பாட நூலும் கற்பிப்பதில்லை. கல்வியும் காற்பந்தும் பகையென்றும் கருதற்க. 1970களில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராயிருந்து, காலாங் அரங்கை மக்களால் நிரப்பிய ந. கணேசன் வழக்கறிஞர் அல்லரோ?

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். தேக்காவிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் பேரர் பார்க் திடல் இருந்தது; 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கும் உள்ளது. ஒரு காலத்தில் தேசிய வீரர் பலர் வியர்வை சிந்திய மண் அது. 2013இல் சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் மலேசிய லீக்கை வென்ற லயன்ஸ் குழுவுக்குத் தாயகமாயிருந்ததும் அந்த ஜாலான் புசார்தான். அம்மண்ணை அடுத்துத் தேநீர் அருந்திக்கொண்டே, "நம்மவர் எங்கே?" என்று கேட்பது எத்துணை முரண்! நம்மவர் எங்கும் தொலைந்து போகவில்லை. அடுத்த தெருவின் மாடியறையில், மூடிய சன்னலுக்குப் பின்னால், மூன்றாவது பயிற்சித் தாளை எழுதிக்கொண்டிருக்கின்றனர். அங்கே அமர்த்தியவர்கள் நாமே.

விதைக்காதவன் அறுவடைக்கு அரிவாள் தீட்டலாகாது. பிள்ளையைத் திடலினின்று மீட்டுவிட்டு, அத்திடலில் தமிழன் இல்லையே என்று புலம்புவோர்க்கு, ஆட்டக்காரர்க்கு மதிப்பெண் இடும் தகுதி ஏது? தலைமையாசிரியனான பின்னர் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளேன். அத்தகைய கடிதம் எது வந்தாலும், பெற்றோரை நேரில் அழைத்துப் பேசாமல் கையொப்பமிடுவதில்லை. சிலர் சினக்கின்றனர், சிலர் கடிதத்தைத் திரும்பப் பெறுகின்றனர்.

அன்பர்களே, உங்கள் மகனை இரண்டு மாலைப்பொழுதுகள் திடலுக்கு அனுப்புங்கள். அதன்பின் தேக்காவுக்கு வாருங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரைப் பற்றியும் விடியும்வரை பேசலாம்.