தொட்டியில் போட்டது யார் என்பது மட்டும்தானா கேள்வி?

2025 ஜனவரி கடைசி வாரம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு சாயாக்கடையில் நானும் ஒரு கல்லூரி மாணவரும் நின்றுகொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் வேங்கைவயல் செய்தி. வழக்கை விசாரித்த சிபிசிஐடி, பாதிக்கப்பட்ட தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருப்பதாக உயர்நீதிமன்றத்தில் தெரிவித்திருந்தது.

"பாத்தீரா அண்ணாச்சி, அவனுவளே போட்டுட்டு ரெண்டு வருசமா நாடகம் ஆடியிருக்கானுவ" என்றார் பக்கத்தில் நின்றவர். கடைக்காரர் தலையாட்டினார். சாயா ஆறுவதற்குள் வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணா, ஜனங்க சொந்தமா யோசிக்கவே மாட்டாங்களா? டிவியும் கட்சிக்காரனும் சொல்றத அப்படியே நம்பிட்டுப் போறாங்களே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. காரணம், 2022 டிசம்பரில் நான் செய்த ஒரு காரியம்.

அந்த டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே தெரியவந்தது. செய்தி கேட்ட இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இன்ன சாதிக்காரர்கள்தான் செய்தார்கள் என்று எழுதிய ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தது. யோசிக்காமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்பினேன். அன்றைக்கு யாரும் கைதாகவில்லை. எந்தச் சாட்சியமும் வெளிவரவில்லை. நம் மக்கள் அனுபவித்த வரலாறு மட்டும்தான் என்னிடம் இருந்தது. வரலாறு சந்தேகப்படக் காரணம் கொடுக்கும். ஒரு குறிப்பிட்ட குற்றத்துக்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

ஆக, சாயாக்கடைக்காரர் தனக்குப் பிடித்த பதிலை நம்பினார். நான் எனக்குப் பிடித்த பதிலை நம்பினேன். இரண்டு பேருக்கும் பதிலை வேறு யாரோ தயாரித்துக் கொடுத்தார்கள்.

தோழர்களே, நாம் பதிலில் ஏமாறுவதைவிடக் கேள்வியில் ஏமாறுவதுதான் அதிகம். எதை நம்பவேண்டும் என்று ஊடகங்களும் தலைவர்களும் நம்மைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால் போதும். மிச்சத்தைப் பொதுப்புத்தி பார்த்துக்கொள்ளும்.

வேங்கைவயலையே எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் வெளிவந்ததும் மாவட்ட ஆட்சியர் அங்கே நேரில் போனார். அந்தப் பகுதிச் சாயாக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இறையூர் ஐயனார் கோயிலுக்குள் தலித் மக்கள் போகமுடியாது என்பதும் தெரிந்தது. ஆட்சியரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். கடைக்காரர் கைதானார். கோயிலில் சாமியாடியபடி சாதியைச் சொல்லி இழிவாகப் பேசிய பெண்ணும் கைதானார். இவை எல்லாம் எல்லோர் கண் முன்னாலும் நடந்தவை.

பிறகு என்ன ஆயிற்று? வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் வந்தது. டிஎன்ஏ பரிசோதனை நடந்தது. இரண்டு வருடமும் "போட்டது யார்?" என்ற ஒரே கேள்வி. கடைசியில் மூன்று தலித் இளைஞர்கள் என்று காவல்துறை சொன்னதும், இரட்டைக் குவளையும் பூட்டிய கோயிலும்கூடப் பொய் என்பதுபோல் பேச ஆரம்பித்தார்கள்.

குற்றப்பத்திரிகை என்பது காவல்துறை தரப்பு வாதம். அதை நீதிமன்றம் சாட்சிகளை வைத்துச் சோதிக்கவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுக்கலாம். இந்த விசாரணையை ஏற்கமாட்டோம், சிபிஐ வேண்டும் என்று விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் கேட்டன. நாளைக்கு நீதிமன்றம் எந்தப் பக்கம் முடிவு சொன்னாலும், அந்த ஊரில் இரண்டு வகைக் குவளை இருந்தது மாறாது. அது ஏன் இருந்தது என்ற கேள்வியை நம் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது தெரியாமல் நாமும் "யார் போட்டது" என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்படிக் கேள்வி மாறுவது புதிதல்ல. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அப்போது நாட்டுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி: "அவர்கள் சந்தனமரம் கடத்தினார்களா, இல்லையா?" அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு இடம் கிடைக்க 19 வருடம் ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று சொன்னது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாச்சாத்தியை வைத்து வேங்கைவயலில் காவல்துறை பொய் சொல்கிறது என்று நான் வாதாட வரவில்லை. அரசு முதல் நாள் சொல்வதையே கடைசி உண்மையாக எடுத்துக்கொண்டால் யார் சிறைக்குப் போவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7. ஒரு காதல் திருமணம், பெண்ணின் தந்தையின் தற்கொலை. அதைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்களைப் பற்றிப் பேச்சு நிற்கவில்லை. ஜீன்ஸும் கூலிங் கிளாசும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசினார். "நாடகக் காதல்" என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. "காதல் உண்மையா, நாடகமா?" என்று பட்டிமன்றம் நடந்தது. காதல் நாடகமாகவே இருந்தாலும் சம்பந்தமில்லாத இருநூறு குடும்பத்தின் வீட்டை எரிக்கலாமா என்று கேட்டவர்கள் கொஞ்சம்பேர்தான். இன்றைக்கு நம் மாவட்டத்துக் கல்லூரி வாசலிலும் அந்தச் சொல்லைச் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று பேசுகிறவருக்கே தெரியாது.

கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள்? நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கலைஞர் தொலைக்காட்சி, ஜெயா, நியூஸ் ஜெ, மக்கள் தொலைக்காட்சி என்று கட்சிக்கொரு சேனல். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் இந்தி, ஆங்கில ஊடகங்களை ஆய்வு செய்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித்தோ பழங்குடியோ ஒருவர்கூட இல்லை. இதனால்தான் நம் முன்னோர்கள் பத்திரிகையிலிருந்தே தொடங்கினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' கொண்டுவந்தார். அடுத்தவன் கேள்விக்குப் பதில் சொல்லியே காலம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே படிப்பறிவில் முதல் மாவட்டம் கன்னியாகுமரி. 91.75 சதவீதம். காலையில் சாயாக்கடையில் பேப்பருக்கு அடிபிடி நடக்கும் ஊர் நம்முடையது. ஆனால் வாசிக்கத் தெரிவது வேறு, வாசித்ததைச் சந்தேகிக்கத் தெரிவது வேறு. இந்த மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர்தான். அதனால் "எல்லாரும் படிச்சாச்சு, இங்க எங்க சாதி இருக்கு?" என்று ஒரு பேச்சு உண்டு. நாமும் அதைப் பாதி நம்புகிறோம்.

2023 மார்ச்சில் தோள்சீலைப் போராட்டத்தின் 200வது ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. இரண்டு மாநில முதல்வர்கள் வந்தார்கள். நல்ல விஷயம். அந்தப் பாடத்தை 2016இல் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீக்கச் சொன்னபோது நாம் எதிர்த்ததும் சரிதான். ஆனால் 1859 ஆணை நாடார் பெண்களைப் பற்றியது. அதே திருவிதாங்கூரில் புலையர், பறையர், சாம்பவர் பெண்கள் எப்போது தோளை மறைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? மேடை கொடுத்த கேள்வியோடு நாமும் கைதட்டிவிட்டு வந்தோம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு செய்தி வந்தால், நம்புவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இந்தச் செய்தி என்னை எதைக் கேட்கச் சொல்கிறது? எதைக் கேட்கவிடாமல் செய்கிறது? நமக்குச் சாதகமான செய்தி என்றால் கண்டிப்பாக எழுதுங்கள். அன்றிரவு நான் எழுதியிருந்தால் அந்தப் படத்தைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பியிருக்கமாட்டேன். இரட்டைக் குவளையைப் பற்றி எழுதியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். சுடுகாடு எத்தனை இருக்கிறது, யாருக்கு எது, பாதை எந்த வழியாகப் போகிறது, மேல்நிலைத் தொட்டி எந்தத் தெருவில் இருக்கிறது, கடைசிக் குழாய் எந்தத் தெருவில் முடிகிறது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். சாதி இல்லை என்று சொல்கிறவர்களிடம் சண்டை போடவேண்டாம். அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

ஜெய்பீம்.