பழைய பிலிமும் வீட்டு ஸ்கானரும்

பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாறு போன்ற மலையடிவார ஊர்களில் ஆண்டுக்கு இரு பருவமழைகள் பெய்கின்றன. காற்றில் ஈரம் மிகுதி. இங்கே பெட்டியில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களின் ஜெலட்டின் படலத்தில் பூஞ்சணம் படர்கிறது. செல்லுலோஸ் அசிடேட்டால் ஆன பிலிமோ நாளடைவில் சிதைந்து காடி நாற்றம் வீசுகிறது. ஆகவே, காட்டையும் பயிரையும் பள்ளி விழாவையும் பிலிமில் பதிந்து வைத்துள்ள களப்பணியாளரும் ஆசிரியரும் வீட்டு உபயோக ஸ்கானரை நாடுவது இயல்பே. அதை வாங்கியோருள் சிலர் மகிழ்கின்றனர். சிலர் மனம் சலிக்கின்றனர். இவ்வேறுபாட்டுக்குக் கருவியைவிட நம் எதிர்பார்ப்பே பெரிதும் காரணம் எனலாம்.

முதலாவது, பெட்டியின்மேல் அச்சிட்ட எண். 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 77 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். பதினோரு அங்குல நீளப் படம் அச்சிட இது போதும். எண் பெருகினால் நுட்பமும் பெருகும் என்பதில்லை. லென்சும் குவியமும் இடங்கொடுக்கும் அளவே தெளிவு உண்டாகும்.

இரண்டாவது, தூசி. சில கருவிகள் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டறிந்து நீக்குகின்றன. வண்ணப் பிலிமின் சாயங்கள் அவ்வொளியைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமிலோ படத்தை உண்டாக்கும் வெள்ளியே அதைத் தடுத்துவிடும். ஆகையால், 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, இன்று உற்பத்தி நின்றுவிட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு அவ்வசதி உதவாது. மென்தூரிகையும் பொறுமையுமே துணை.

மூன்றாவது, காலம். படம் ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆயின், 36 படங்கள் கொண்ட ஒரு சுருளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செல்லும். எல்லாவற்றையும் எடுக்க முனைவோர் பாதியில் கைவிடுவர். இடமும் நாளும் பயிர் வகையும் குறித்துள்ள படங்களை முதலில் எடுப்பதே அறிவுடைமை.

வாங்குமுன் தம் நெகட்டிவ் ஒன்றைக் கொண்டு கருவியைச் சோதித்துப் பார்த்தல் நலம். எடுத்த படங்களை இரு வேறிடங்களில் சேமித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கான் செய்தாயிற்று என்று நெகட்டிவை எறிந்துவிடலாகாது. ஸ்கானர் தருவது நகலே. மூலம் பிலிமில்தான் உள்ளது. நாளை இதனினும் சிறந்த கருவி வரும்போது, அதற்குக் காட்ட நம்மிடம் பிலிம் இருத்தல் வேண்டும்.