தீவுக்குப் பேரம், தீவுக்காரருக்குத் திண்ணை

இந்தியப் பெருங்கடலில், சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டியகோ கார்சியாவில் முதலில் நாய்களைத்தான் ஒழித்துக்கட்டினார்கள். 1971-ல் அவற்றைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். அடுத்தது மனிதர்கள். கையில் ஒரு பெட்டியோடு கப்பலேற்றி, மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். 1973-க்குள் சாகோஸ் தீவுகளில் குடிமக்கள் ஒருவர்கூட மிச்சமில்லை.

எல்லாம் அமெரிக்க ராணுவத் தளத்துக்காக. அதற்கென்றே பிரிட்டன், மொரீஷியஸுக்கு 1968-ல் விடுதலை தருவதற்கு மூன்று வருஷம் முன்பே இந்தத் தீவுகளைத் தனியே வெட்டி எடுத்து வைத்துக்கொண்டது.

தீவுகளை மீட்க என்ன வழி? சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில், பிரித்தது செல்லாது, சீக்கிரம் வெளியேறு என்றது. ஆனால் அது ஆலோசனைக் கருத்துதான், பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது. அதே வருஷம் மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, எதிர்த்தவை ஆறே ஆறு. ஆறு மாதக் கெடுவும் விதித்தார்கள். கெடு வந்தது, போனது. என்றாலும் அந்த அவமானம்தான் பிரிட்டனைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்தது என்பேன். 2025 மே 22-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது: இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியகோ கார்சியா தளம் 99 வருஷத்துக்குப் பிரிட்டன் கையில்.

பேரத்தில் வீட்டுக்காரர்களுக்கு நாற்காலி போடவில்லை. மற்ற தீவுகளில் மொரீஷியஸ் அவர்களைக் குடியேற்றலாம், டியகோ கார்சியாவில் முடியாது. 4 கோடி பவுண்ட் நல நிதி உண்டு. ஒப்பந்தப்படி அதன் சாவியும் மொரீஷியஸ் அரசிடம்தான்.

டியகோ கார்சியா ஆள் வாழ முடியாத இடமா? தளத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். 2021-ல் கடலில் தத்தளித்து அங்கே கரையேறிய இலங்கைத் தமிழர்களையே மூன்று வருஷம் கூடாரத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதம் என்று பிறகு நீதிமன்றமே சொன்னது.

ஒப்பந்தத்தைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், அன்று இருபது வயதில் கப்பலேறியவர்கள் இருக்கமாட்டார்கள். ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்பு சேர்க்கட்டும். டியகோ கார்சியாவில் தளம் போக மிச்ச நிலத்தில் குடியேறும் உரிமை வேண்டும். நிதியைச் செலவிடும் குழுவில் தீவு மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ராணுவத்தின் தயவில்லாமல் கல்லறைக்குப் போய்வர வழி வேண்டும்.

2006-ல் தீவு மக்களில் சுமார் நூறு பேரைக் கப்பலில் கூட்டிப்போனார்கள். பெற்றோர் கல்லறையில் மண்டிய புதரை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். சில மணி நேரம்தான், திரும்பக் கப்பலேறச் சொல்லிவிட்டார்கள்.