பாக்கித் தொகையும் பதினைந்து நாளும்

சி.என்.சி. லேத் வாங்கும் கோவைப் பட்டறைக்காரருக்கும் சப்ளையருக்கும் பேரம் பேசும் நாளில் மனக்கசப்பு வருவதில்லை. அன்று டீ வரவழைத்து, கடைசியில் ஐம்பதாயிரம் குறைத்து, சிரித்த முகத்தோடுதான் பிரிகிறார்கள். அட்வான்ஸ் போய்ச் சேர்ந்து, எந்திரம் தயார் என்று தகவல் வந்து, கூடவே வரும் ப்ரோஃபார்மா இன்வாய்ஸைப் பார்க்கும்போதுதான் தகராறு பிறக்கிறது. கொட்டேஷனில் கண்டதைவிடத் தொகை கூடியிருக்கும். கேட்டால் கன்ட்ரோலர் விலை ஏறிவிட்டது, லாரி வாடகை உங்கள் கணக்கு, சிப் கன்வேயர் தனி ஆப்ஷன் என்று பதில் வரும். அந்த நேரத்தில் பட்டறைக்காரரால் பின்வாங்கவும் முடியாது. பழைய எந்திரத்தை விற்று இடத்தைக் காலி செய்திருப்பார். புதியதை நம்பி ஆர்டரும் பிடித்திருப்பார்.

ஏமாற்றும் சப்ளையர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்மிடம் வரும் புகார்களைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. வாங்கியவர் மனத்தில் இருந்த விலைக்குள் சக், டூல் ஹோல்டர், ஸ்டெபிலைசர், கிரேன் செலவு, இன்ஸ்டலேஷன், நம் பாகத்தை ஓட்டிக் காட்டும் ட்ரையல் எல்லாம் அடக்கம். விற்றவர் மனத்தில் இருந்ததோ வெறும் எந்திரம், அதுவும் அவருடைய தொழிற்சாலை வாசல் வரைக்கும். பேரம் பேசிய இருவரும் ஒரே எண்ணைச் சொன்னதால், ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நம்பிவிட்டார்கள்.

கொட்டேஷனின் முதல் பக்கத்தில் விலை இருக்கும். தகராறு கடைசிப் பக்கத்தில் இருக்கும். டெஸ்பாட்ச் நாளில் நிலவும் விலையே செல்லும் என்ற வரி பொடி எழுத்தில் அங்கே கிடக்கும். விலையை ஒப்பந்தத்திலேயே முடிவு செய்யலாம், அல்லது பிறகு இன்ன முறையில் முடிவு செய்வது என்றும் ஒத்துக்கொள்ளலாம் என்கிறது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. ஆகவே அந்த வரியை அடிக்காமல், ‘உங்கள் கொட்டேஷன்படி’ என்று மட்டும் எழுதி பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) அனுப்பினால், விலை போடும் உரிமையையே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். பி.ஓ.வில் விலை, அதில் அடங்கும் உதிரிகளின் பட்டியல், எந்த இடம் வரைக்குமான விலை, டெலிவரி தேதி ஆகியவை நம் சொற்களில் இருக்க வேண்டும். கண்காட்சி ஸ்டாலில் சேல்ஸ் பிரதிநிதி வாயால் தந்த சலுகையை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதிலும் வாங்கிவிடுங்கள். அந்தப் பிரதிநிதி அடுத்த மாதம் வேறு கம்பெனியில் இருக்கலாம்.

விலை ஏற்றம் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. கன்ட்ரோலர், பால் ஸ்க்ரூ, எல்.எம். கைடு போன்றவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்தோ தைவானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருகின்றன. யென்னும் யூரோவும் ஏறினால், நம் ஊரிலேயே எந்திரம் கட்டும் சிறு நிறுவனத்துக்கு அந்த அடி நேராக விழுகிறது. அதை முழுவதும் அவரே தாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது நியாயமாகாது. எந்தப் பாகம், எந்த நாணயம், எந்த நாளின் மாற்று விகிதம் என்று கேட்பதுதான் நியாயம். இறக்குமதிப் பாகங்களின் பங்கு இவ்வளவு, ஆர்டர் நாளின் விகிதம் இது, 3 சதவீதம் வரையிலான மாற்றத்துக்கு விலை மாறாது, அதற்கு மேல் போனால் அந்தப் பங்குக்கு மட்டும் ஏற்றமும் இறக்கமும் பொருந்தும் என்று பி.ஓ.விலேயே எழுதிக்கொள்ளலாம். இறக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். வரியைப் பொறுத்தவரை சட்டமே இப்படித்தான் இருக்கிறது: ஒப்பந்தத்துக்குப் பிறகு வரி கூடினால் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், குறைந்தால் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு. வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் அது பொருந்தாது.

வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இந்த ஏற்றம் இரட்டிப்பாக வலிக்கும். வங்கி கடனைத் தீர்மானிப்பது கொட்டேஷன் தொகையை வைத்து. பிறகு கூடிய தொகைக்குத் திரும்பவும் கடன் கேட்டு நிற்பதற்குள் டெலிவரி தவறிவிடும். எனவே அது முழுக்க நம் கைப்பணத்திலிருந்தோ வெளிவட்டிக்கு வாங்கியோ போகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் முதலில் அது ரொக்கமாக வெளியே போயாக வேண்டும்.

இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. மார்ஜின் பணம் போதாதவர்கள் சப்ளையரிடம் சொல்லி ப்ரோஃபார்மாவைக் கூட்டிப் போடச் செய்வதும், வங்கிப் பணம் வந்ததும் மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் நம் தொழிலில் பலருக்கும் தெரிந்த பழக்கம். இது வங்கியை ஏமாற்றுவது, செய்யக் கூடாது. செய்தவருக்கு விலைத் தகராறில் நிற்க இடமும் கிடையாது. உண்மையான விலை இது என்று காட்ட அவரிடம் காகிதம் இருக்காது. இருக்கும் காகிதம் கூட்டிப் போட்ட விலையைத்தான் சொல்லும். திரும்பத் தர வேண்டியதைச் சப்ளையர் தராமல் இழுத்தடித்தால் எந்த வாசலில் போய்க் கேட்பது? மார்ஜின் குறைகிறதென்றால் ஆர்டரை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், அல்லது ஒரு படி சின்ன எந்திரத்தைப் பாருங்கள்.

எந்திரம் வந்து இறங்கிய பிறகு நம்மவர்கள் பெரும்பாலும் செய்யும் காரியம், பாக்கியை நிறுத்திவைத்து போனை எடுக்காமல் இருப்பது. ஸ்பிண்டில் சத்தம் போடுகிறது, டாலரன்ஸ் நிற்கவில்லை, பில்லில் ஒத்துக்கொள்ளாத தொகை இருக்கிறது. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பேசாமல் இருப்பது சட்டத்தின் கண்ணில் சம்மதம். சப்ளையர் உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கியை வைத்திருக்க முடியாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நாம் பெரிய கம்பெனிகளிடம் வரவேண்டியதைக் கேட்க எந்தச் சட்டத்தைக் காட்டுகிறோமோ, அதே சட்டம் நம் மீதும் பாயும்.

அதே சட்டம் வாங்குபவருக்கும் ஒரு பிடி வைத்திருக்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் அதை ஏற்பது குறித்து எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்க்கும் நாள்தான் சரக்கை ஏற்ற நாள். கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். எழுதாவிட்டால் டெலிவரி நாளே ஏற்ற நாள். எனவே எந்திரம் இறங்கியதும் முதல் வேலை ட்ரையல். அடுத்த வேலை கடிதம். என்ன குறை, எந்தத் தொகை ஏற்கத்தக்கதல்ல, எவ்வளவு நிறுத்திவைக்கிறோம் என்று தெளிவாக எழுதுங்கள். தகராறு இல்லாத பகுதியைக் கையோடு கொடுத்துவிடுங்கள். இரண்டு லட்சத் தகராறுக்காகப் பத்து லட்சத்தை முடக்குகிறவரை எந்த மன்றமும் மதிக்காது.

பாக்கியே வைக்காமல் டெஸ்பாட்சுக்கு முன்பே முழுப் பணமும் கட்டச் சொல்கிறவர்கள் அதிகம். அங்கே இந்தப் பிடி கையில் இருக்காது. பத்து சதவீதமாவது கமிஷனிங் முடிந்து ட்ரையல் ரிப்போர்ட்டில் கையெழுத்தான பிறகு என்று ஆர்டர் போடும் நாளில் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு நமக்கு இருக்கும் பலம் பிறகு இருப்பதில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அந்தச் சிறு நிறுவனம் நம் கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் 21 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சி.என்.சி. எந்திரம் வாங்கி, தாமதம், குறைபாடு என்று வழக்குப் போட்டது. எந்திரத்தின் மதிப்பையும் தொழிலின் தன்மையையும் பார்த்த நீதிமன்றம், வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஒரு லேத் வாங்குகிறவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆள் வைத்து ஷிப்ட் ஓட்டும் பட்டறைக்கு அந்த வாசல் அநேகமாக மூடியது. சிவில் நீதிமன்றமோ, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மத்தியஸ்தமோதான் வழி. எந்த ஊரில் மத்தியஸ்தம் என்பதையும் பி.ஓ.வில் பார்த்துக்கொள்ளுங்கள். புனேவுக்கும் ராஜ்கோட்டுக்கும் ரயில் ஏறி நடத்தும் வழக்கில் ஜெயித்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நம் சிறுதொழில் சங்கங்களான கொடிசியாவும் டாக்ட்டும் இதில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எந்திரம் கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, தமிழில் நான்கு பக்கத்துக்கு ஒரு மாதிரி பி.ஓ. தயாரித்துக் கொடுத்தால் போதும். அதில் நாணய மாற்றம், உதிரிகளின் பட்டியல், ட்ரையல், பத்து சதவீத பாக்கி, மத்தியஸ்த இடம் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். அப்படி ஒரு படிவம் தயாரானால் இந்த இதழ் அதை முழுமையாக வெளியிடும். பட்டறைக்காரர்கள் கிழித்து எடுத்துப் பயன்படுத்தும்படி நடுப்பக்கத்திலேயே தருவோம்.