கையும் கல்வியும்

கையால் ஒரு பொருளைச் செய்து முடிப்பதில் உண்டாகும் மகிழ்ச்சியை நம்மவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளை விளையாட்டென்றே கருதிவிடுகின்றனர். பொழுதைப் போக்க ஒரு வழி என்பதற்கு மேல் அதற்கு மதிப்பளிப்பவர் சிலரே. ஆனால், அம்மகிழ்ச்சி அறிவின்பாற்பட்டது என்பதும், அதனைப் பாடசாலைப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்திருப்பதால் நமது கல்வி குறைப்பட்டு நிற்கின்றது என்பதுமே என் கருத்து.

யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், அயலிலே வாழும் மூதாட்டி ஒருவரிடம் அதனை இழைக்கக் கற்றேன். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலமாக வார்ந்துகொள்ள வேண்டும். உலர்ந்த ஓலையை அப்படியே மடித்தால் வெடிக்கும். ஈரம் மிகுந்தாலோ, இழைத்தபின் சுருங்கி இடைவெளி காட்டும். எவ்வளவு ஈரம் போதும் என்று கேட்டேன். “கண்ணாலை பாக்காதையுங்கோ வாத்தியார், விரலாலை பாருங்கோ” என்றார் அவர். எந்தப் பாடநூலும் தர இயலாத விடை அது.

முதலில் தட்டையானதொரு சதுர விரிப்பை இழைக்கின்றோம். அதன் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இருபுறத்து ஓலைகளையும் குறுக்காக வளைத்துப் பின்னும்போது மூலை தானாகவே எழுகின்றது. அடியிற் சதுரமாகத் தொடங்கிய பெட்டி, வாயில் வட்டமாக முடிகின்றது. கேத்திரகணிதம் கற்பித்தே காலங் கழித்தவனுக்கு, சதுரம் வட்டமாகும் விந்தையைத் தன் கையே கண்டபோது ஏற்பட்ட பூரிப்பு சொல்லுந்தரமன்று. பரீட்சைத் தாளிற் சரி பிழை இடுவதற்குப் பிறர் வேண்டும். இழைப்பிலே ஓர் ஓலை தவறினால், அடுத்த வரிசையே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். தன் வேலையைத் தானே மதிப்பிடும் ஆற்றலைவிட ஒரு மாணவனுக்கு நாம் அளிக்கத்தக்க செல்வம் வேறு யாது?

அவ்வாறாயின், இவ்வறிவு ஏன் வகுப்பறையிலே வேரூன்றவில்லை? காரணம் வெளிப்படை. கைத்தொழிலைக் குலத்தோடு கட்டிவைத்த சமுதாயம் நம்முடையது. ஆங்கிலேயர் ஆட்சியிலே எழுதுவினைஞர் உத்தியோகம் உயர்வின் அடையாளமாயிற்று. அழுக்குப் படாத கையே படித்தவன் கை என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில்சார் பாடங்களை இடைநிலை வகுப்புகளிற் புகுத்திற்று. 1977 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஈழத்தின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமியை இங்கு நினைவுகூர்தல் தகும். மண்ணியல் ஆய்வாளராக இந்நாட்டில் ஊரூராய்ச் சென்ற அவர், கிராமத்துக் கைவினைஞரின் வேலையிலே மனத்தைப் பறிகொடுத்தார். கொல்லரும், குயவரும், நெசவாளரும், பாய் இழைப்போரும் கையாண்ட முறைகளை ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908 இல் வெளியிட்டார். அந்நூலையும், வில்லியம் மொறிஸ் முன்பு பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அச்சிடுவித்தார். கைவினையைப் பற்றி எழுதிய நூலும் கைவினையாகவே இருக்க வேண்டுமென்ற அப்பிடிவாதத்திலே ஒரு பாடம் உண்டு.

பிளாஸ்ரிக் கூடை மலிவாகக் கிடைக்கும்போது கடகம் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடை கூறுவது எளிது: கடகம் உக்கி மண்ணோடு மண்ணாகும், பிளாஸ்ரிக் ஆகாது. இதனினும் கடினமான கேள்வி வேறொன்று உண்டு. ஓய்வூதியம் பெறும் எனக்கு இழைப்பது இன்பம். நாள் முழுவதும் குனிந்திருந்து இழைப்பவருக்கு அது சோறு. கைவினையின் இன்பத்தை மேடையிற் புகழ்ந்துவிட்டு, சந்தையிலே பெட்டியின் விலையை அடித்துப் பேசுவது எவ்வகையில் நியாயமாகும்? கூலியை மறந்த புகழ்ச்சி வெறும் பசப்பேயாகும்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கிழமைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். ஊரிலே ஓலை இழைப்பவரையோ, மட்பாண்டம் வனைபவரையோ, தச்சரையோ பாடசாலைக்கு அழையுங்கள். காட்சிப் பொருளாக அல்ல, ஆசிரியராக அழையுங்கள். உரிய வேதனத்தையும் கொடுங்கள். அவர் ஆசிரியர் கதிரையில் அமர, நீங்கள் மாணவரோடு பாயில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கைவேலைக்கு உரிய மதிப்பை ஆயிரம் சொற்பொழிவுகள் உணர்த்துவதிலும் தெளிவாக அந்தக் காட்சி பிள்ளைகளுக்கு உணர்த்தும்.