நீர்க்கடுப்புக்கு மாத்திரை அட்டை மட்டும்தான் வழியா?

கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் அவசியம் படியுங்கள். ஆண்கள் வீட்டுப் பெண்களுக்காகப் படியுங்கள்.

நீர்க்கடுப்பு வந்தால் டாக்டரிடம் சொல்ல நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். போன தடவை சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டையைப் பையனிடம் கொடுத்து மருந்துக்கடைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாளில் சரியாகிறது. இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. மறுபடியும் அதே அட்டை.

6 மாதத்தில் 2 முறை அல்லது ஒரு வருடத்தில் 3 முறை வந்தால், அது திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. அந்த நிலையில் அட்டை மட்டும் போதாது.

முதலில் யூரின் கல்ச்சர். மாத்திரை போடும் முன்பே கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதில்தான் தெரியும். கண்ட ஆன்டிபயாடிக்கை அடிக்கடி விழுங்கினால் கிருமி அதற்கு அசையாமல் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். கழிப்பறைக்குப் பயந்து மாலை வரை தண்ணீரே குடிக்காத ஆசிரியைகளைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். குறைவாகத் தண்ணீர் குடித்த, மாதவிடாய் நிற்காத பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியானது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. (இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. ஆன்டிபயாடிக் அல்லாத மெத்தனமின் மாத்திரையும் உண்டு.

இவை எதற்கும் அடங்காதவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மருந்து செலுத்துவது. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இயற்கையாகவே ஒரு பாதுகாப்புப் பூச்சு உண்டு. அது சிதைந்தால் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஹயலூரானிக் அமிலம், காண்ட்ராய்டின் சல்பேட் இரண்டும் அந்தப் பூச்சைச் சீராக்கும் என்ற எண்ணத்தில் தரப்படுகின்றன. பெரும்பாலும் முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. இத்தாலியில் 57 பெண்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் தொற்று நன்றாகவே குறைந்தது. ஆனால் 57 பேர் என்பது சின்னக் கணக்கு. ஐரோப்பிய யூராலஜி சங்கமும், எளிய வழிகள் பலிக்காதபோதுதான் என்று சொல்லி, அதையும் வலுவில்லாத பரிந்துரையாகவே வைத்திருக்கிறது. குழாய் நுழைப்பதில் அசௌகரியமும் செலவும் உண்டு.

ஆகவே எடுத்த எடுப்பில் இதைக் கேட்டு ஓட வேண்டாம். அதே சமயம், எல்லாம் செய்து பார்த்தும் தீராத ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லாமல், வருடக்கணக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. “டாக்டர், அடுத்த படி என்ன?” என்று தைரியமாகக் கேளுங்கள். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்பதில் என்ன வெட்கம்?

குளிர்காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.