நிலவுக்கு மண் தந்த ஊரின் பழைய கடல்

சந்திரயான்-2 தரையிறங்கும் சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளைப் பொடித்து அதைத் தயாரித்தார்கள். சித்தம்பூண்டியின் பெயர் பலருக்குத் தெரியவந்தது அப்போதுதான். ஆனால், நிலவைப் போல இருப்பது அந்தப் பாறையின் சின்னப் பெருமை. அது சொல்லும் பெரிய கதை பூமியைப் பற்றியது.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெண்பொங்கலில் மிளகு கிடப்பதுபோல வெள்ளைக்குள் கறுப்பு தெரியும். வெள்ளை, கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ். கறுப்பு, ஹார்ன்பிளெண்ட், தன் படிகத்துக்குள்ளேயே நீரைப் பிடித்துவைத்திருக்கும் கனிமம். வறண்ட நிலவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். ஆழத்தில் உருகிய குழம்புக்கு அவ்வளவு நீர் எப்படி வந்தது? கடல்தரை கண்டத்தின் விளிம்புக்கடியில் சரிந்து இறங்கும்போது, அதிலிருந்து பிழியப்படும் நீர் மேலேறி, மேலுள்ள சூடான பாறையை உருக்குகிறது. ஆண்டிஸ் மலையடியில் இன்றும் இதுவே நடக்கிறது. ஹார்ன்பிளெண்டில் ஒரு பகுதி பின்னாளைய உருமாற்றத்தில் வந்தது என்ற வாதமும் உண்டு. ஆனால், வெள்ளைக் கனிமத்தின் கால்சியச் செறிவும் நீர் மிகுந்த குழம்பையே காட்டுகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கடலோரம் இருந்தது என்ற வாசிப்பே எனக்கு வலுவாகப் படுகிறது.

பிறகு அந்தப் பாறை நிலத்துக்குள் அமுங்கியது. அந்த அழுத்தத்தில் சிவப்புக் கார்னெட் மணிகள் வளர்ந்தன. மீண்டும் மேலே எழும்பியபோது அழுத்தம் குறைய, மணிகளின் ஓரம் சிதைந்து வேறு கனிமங்களாக மாறியது. நுண்ணோக்கியில் மணியைச் சுற்றி ஒரு வளையமாக அது தெரியும். எந்தக் கனிமம் எதைச் சூழ்ந்திருக்கிறது என்று பார்த்தே, பாறை இறங்கி ஏறிய வழியைக் கணிக்கிறார்கள். காலத்தைச் சொல்வது சிர்கான் என்ற கனிமம். அதிலுள்ள யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும்; எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். தெற்கே மதுரை வட்டாரப் பாறைகளின் சிர்கான், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெரும் கண்ட மோதலைக் காட்டுகிறது. மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா ஆகியவற்றோடு நம் நிலம் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இணைந்த காலம் அது.

புதைபடிவத்தைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கலாம். உருமாறிய பாறையின் சாட்சியம் பாதிக்குமேல் அதன் கிடப்பில் இருக்கிறது: எந்த அடுக்கு எதன்மேல், எந்தப் பக்கம் சாய்ந்து, எங்கே மடிந்து. பெயர்த்த கல் அதைச் சொல்லாது. கிரஷருக்குள் போன கல் எதையுமே சொல்லாது.

வீடு கட்ட ஜல்லியும் எம்-சாண்டும் வேண்டும், மறுக்கவில்லை. குவாரிக்கு உரிமம் தருமுன் ஒரு புவியியலாளர் அந்த இடத்தை வரைபடமாக்கி, திசை குறித்த மாதிரிகளை எடுத்துவைப்பதைக் கட்டாயமாக்குவதில் என்ன சிரமம்? பாறையை இருக்குமிடத்திலேயே காப்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது: பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறைக்குத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற தகுதி உண்டு. புவிமரபுத் தலங்களைக் காக்கும் மசோதாவின் வரைவு 2022 டிசம்பரில் வெளியானது. சித்தம்பூண்டியில் குரோமைட் கனிமத்தின் கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பாறையும் அடுக்கடுக்காக வெளித்தெரியும் சில ஏக்கரை இப்போதே அளந்து, கல் நட்டு, வேலி போடுங்கள்.